தாயின் வயதா, பிள்ளையின் வயதா?

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் தனித்துப் பிள்ளை வளர்க்கும் பெண்களும், அரசு உதவியோடு பிணைந்துள்ள உழைப்பு நிபந்தனைகளும்

கணவனை இழந்தோ, கணவனால் கைவிடப்பட்டோ பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் பெண்ணுக்கு அரசு உதவி செய்யும்போது, அதற்கு ஈடாக வாரத்துக்கு இத்தனை மணி நேரம் அவள் வேலை செய்தாக வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாமா என்பது, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் நலத்திட்டக் கொள்கையில் நெடுங்காலமாகக் கடுமையாக விவாதிக்கப்பட்டுவரும் கேள்வியாகும். தமிழகத்தில் அக்கேள்வி அதே வடிவில் எழுந்ததில்லை. இங்கே விதவை ஓய்வூதியம் பெறும் பெண்ணிடம் எந்த வட்டாட்சியரும் வேலை நேரக் கணக்குக் கேட்பதில்லை. ஆயினும் அந்த ஓய்வூதியத்தைக் கொண்டு மட்டும் ஒரு குடும்பம் உண்டு உடுத்து வாழ இயலாது என்பதால், மீதியைத் தரும் ஒவ்வொரு வாயிலிலும் (நூறு நாள் வேலையிலும், பீடித் தொழிலாளர் நலத்திட்டங்களிலும், கட்டுமானத் தொழிலாளர் வாரியத்திலும்) உழைப்பு நிபந்தனை வேறு பெயரில் காத்திருக்கிறது. அந்த நிபந்தனைகள் எவையும், அவள் உழைக்கும் நேரத்தில் அவளுடைய குழந்தை யாரிடம் இருக்கும் என்ற கேள்விக்கு முழுமையான விடை தருவதில்லை. இதன் விளைவுகளைத் தெளிவாகக் காண்பதற்குத் தென்காசி மாவட்டம் பொருத்தமான களமாக அமைந்துள்ளது.

திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 22 அன்று செயல்படத் தொடங்கிய இம்மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து வயல்களும் தோப்புகளும், கிழக்கே விரியும் மானாவாரி நிலங்களும், சங்கரன்கோவில் வட்டாரத்து விசைத்தறிகளும், குற்றாலத்துச் சாரல் பருவ வணிகமும், இவை அனைத்தையும் ஊடறுத்து வீடுதோறும் நடக்கும் பீடி சுற்றும் தொழிலும் அருகருகே உள்ளன. ஒன்றில் நாள் கணக்கும், மற்றொன்றில் எண்ணிக்கைக் கணக்கும், வேறொன்றில் பருவக் கணக்கும் வேலையின் அளவுகோலாக இருப்பதால், தனித்துப் பிள்ளை வளர்க்கும் ஒரு பெண்ணின் நேரம் எத்தனை விதமாக அளக்கப்படுகிறது என்பதை இங்கே ஒருங்கே ஆராய முடிகிறது.

நிபந்தனை பிறந்த நாடுகள்

மணத்துணையின்றிக் குழந்தைகளைத் தனியாக வளர்க்கும் தாயையோ தந்தையையோ நலத்திட்ட ஆவணங்கள் ‘தனிப் பெற்றோர்’ என்று குறிக்கின்றன. அமெரிக்காவில் இவர்களுக்கான உதவி தொடங்கியபோது அதன் நோக்கம் இன்றைய நோக்கத்துக்கு நேர் எதிரானதாக இருந்தது. 1911இல் இல்லினாய் மாநிலம் கொண்டுவந்த தாய்மார் ஓய்வூதியச் சட்டமும், 1935ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த சார்ந்திருக்கும் குழந்தைகளுக்கான உதவியும், தந்தையை இழந்த குழந்தைகளை வளர்ப்பதற்காகத் தாய் வீட்டிலேயே இருக்க வழிசெய்வதையே குறிக்கோளாகக் கொண்டிருந்தன. குழந்தை வளர்ப்பே அவள் சமூகத்துக்குச் செய்யும் பணி என்ற புரிதல் அவற்றின் அடித்தளமாக இருந்தது. பிற்காலத்தில் அப்புரிதல் படிப்படியாகத் தேய்ந்து, 1996இல் குடியரசுத் தலைவர் பில் கிளின்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம், உதவி பெறும் தனிப் பெற்றோர் வாரத்துக்குச் சராசரியாக 30 மணி நேரம் வேலையிலோ வேலை சார்ந்த பயிற்சியிலோ ஈடுபட வேண்டும் என்றும், மத்திய நிதியிலிருந்து ஒருவர் வாழ்நாளில் 60 மாதங்களுக்கு மேல் உதவி பெறக் கூடாது என்றும் விதித்தது. அத்தனை கடுமையான அச்சட்டமே, 6 வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள தனிப் பெற்றோருக்கு நிபந்தனையை 20 மணி நேரமாகக் குறைத்ததோடு, அவ்வயதுக் குழந்தைக்குப் பராமரிப்பு வசதி கிடைக்காததால் வேலைக்குச் செல்ல இயலாத பெற்றோருக்குத் தண்டனை விதிப்பதையும் தடுத்தது.

பிரிட்டனில் 2008ஆம் ஆண்டின் இறுதிவரை, கடைசிக் குழந்தைக்கு 16 வயது ஆகும்வரை தனிப் பெற்றோர் வேலை தேட வேண்டிய கட்டாயமின்றி வருமான ஆதரவுத் தொகை பெற்றுவந்தனர். அந்த வயது வரம்பு முதலில் 12 ஆகவும், பின்னர் 10, 7 ஆகவும் இறங்கி, 2012இல் 5 ஆனது. அதன்பின் பல உதவிகளை ஒன்றாக்கி வந்த யுனிவர்சல் கிரெடிட் திட்டத்தில், குழந்தைக்கு ஒரு வயது நிரம்பும்வரை எந்தக் கட்டாயமும் இல்லை. ஒரு வயதுக் குழந்தையின் தாய் அவ்வப்போது ஆலோசகரைச் சந்தித்தால் போதும். இரண்டு வயதில் வேலைக்கு ஆயத்தமாக வேண்டும். மூன்று வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை, 2023 அக்டோபரில் திருத்தப்பட்ட விதியின்படி, வாரத்துக்கு 30 மணி நேரம் வரை வேலை செய்யவோ தேடவோ வேண்டியிருக்கும். ஆஸ்திரேலியாவோ எதிர்த்திசையில் ஓரடி வைத்தது: கடைசிக் குழந்தைக்கு 8 வயது ஆனதும் முடிந்துபோன தனிப் பெற்றோர் உதவித்தொகையை, 2023 செப்டம்பர் 20 முதல் 14 வயதுவரை அந்நாடு நீட்டித்தது.

இந்த விதிகள் அந்நாடுகளில் வாழும் புலம்பெயர்ந்த தமிழ்த் தாய்மாருக்கும் பொருந்துவன; அவற்றின் கடுமைக்கு எதிரான வாதங்கள் வலுவானவை. ஆயினும் தமிழக வாசகர் கவனிக்க வேண்டிய பொதுப் பண்பு ஒன்று அவற்றில் உண்டு. இம்மூன்று நாடுகளின் விதிகளும், தாயிடம் எவ்வளவு உழைப்பை எதிர்பார்க்கலாம் என்பதைப் பிள்ளையின் வயதைக் கொண்டே தீர்மானிக்கின்றன.

இங்கே கேட்கப்படும் வயது

தமிழகத்தின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியங்கள் இந்தியாவிலேயே முன்னோடியானவை. 1962 ஏப்ரலில் முதியோருக்காகத் தொடங்கிய திட்டத்தைத் தொடர்ந்து, 1975 ஜூன் முதல் ஆதரவற்ற விதவைகளுக்கும், 1986 ஏப்ரல் முதல் கணவனால் கைவிடப்பட்ட ஆதரவற்ற பெண்களுக்கும் தனித்தனியே ஓய்வூதியங்கள் ஏற்படுத்தப்பட்டன. 2011 முதல் மாதம் 1,000 ரூபாயாக இருந்த விதவை ஓய்வூதியம் 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. எந்த வேலை நிபந்தனையும் இன்றி, ஆதரவற்ற நிலை ஒன்றையே அடிப்படையாகக் கொண்டு பணம் வழங்குவது இத்திட்டங்களின் பெருமையாகும்.

ஆனால் இவற்றின் தகுதி விதிகளை அருகருகே வைத்துப் படித்தால், அவை கேட்கும் வயது பிள்ளையின் வயதன்று என்பது புலப்படும். கைவிடப்பட்ட பெண்ணுக்கான மாநில ஓய்வூதியத்தைப் பெற அவளுக்கு 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். சட்டப்படி மணமுறிவோ, நீதிமன்றத்தின் பிரிவுச் சான்றோ இல்லாவிட்டால், கணவன் விட்டுச்சென்று ஐந்தாண்டுகளாவது கழிந்திருக்க வேண்டும். மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய விதவை ஓய்வூதியத் திட்டம் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள 40 முதல் 79 வயதுவரையிலான கைம்பெண்களுக்கே உரியது. அதில் மத்திய அரசின் பங்கு 300 ரூபாய். மாநிலத்தின் விதவை ஓய்வூதியம் 18 வயது முதலே கிடைக்கும் என்பது ஆறுதலானது. எனினும் 40 வயதுக்குட்பட்ட இளம் கைம்பெண்ணின் ஓய்வூதியச் சுமை முழுவதையும் மாநிலமே ஏற்க வேண்டியிருக்கிறது.

இந்த வயது வரம்புகளின் விளைவைக் காலவரிசையில் எண்ணிப் பார்த்தால் அவற்றின் கடுமை விளங்கும். இருபத்திரண்டு வயதில் கைக்குழந்தையோடு கைவிடப்பட்ட ஒரு பெண், குழந்தை பால்குடி மறக்கும் பருவத்திலும், அது நடை பழகும் பருவத்திலும், அங்கன்வாடிக்குச் செல்லும் பருவத்திலும் ஓய்வூதியம் பெற முடியாது. ஐந்தாண்டுக் காத்திருப்பு முடிந்தபின்னும் அவள் முப்பதை எட்டுவதற்கு மேலும் மூன்றாண்டுகள் ஆகும். பணம் வரத் தொடங்கும்போது அக்குழந்தை மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருக்கும். வேலைக்குச் செல்வது மிகக் கடினமாக இருக்கும் ஆண்டுகளில் உதவி இல்லாமலும், ஓரளவு எளிதாகும் ஆண்டுகளில் உதவியோடும் அவளை நிறுத்தும் இவ்விதி, மேலைநாட்டு விதிகளின் தர்க்கத்தைத் தலைகீழாக்கியுள்ளது. ஜீவனாம்சம் கோரி நீதிமன்றம் செல்லும் வழி உண்டெனினும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியை இழந்து, இருக்குமிடம் தெரியாத கணவனிடமிருந்து பணம் பெறுவது பலருக்குக் கைகூடுவதில்லை.

இவ்வோய்வூதியங்கள் பெண்களுக்கு மட்டுமே உரியவை. மனைவியை இழந்து பிள்ளைகளை வளர்க்கும் ஏழைத் தந்தைக்கு இவற்றில் இடமில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

நூறு நாள் வேலையும் இருமுறை வருகைப்பதிவும்

ஓய்வூதியத்தால் நிறைவு பெறாத குடும்ப வரவை நிரப்பும் முதல் வழி, ஊர்மக்கள் நூறு நாள் வேலை என்று அழைக்கும் ஊரக வேலை உறுதித் திட்டமாகும். 2005இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ், அன்றைய ஒருங்கிணைந்த திருநெல்வேலி மாவட்டத்துக்கு 2007இல் இரண்டாம் கட்டமாக இது வந்துசேர்ந்தது. தமிழகத்தில் இவ்வேலைக்கு வருவோரில் 85 விழுக்காட்டுக்கும் மேலானோர் பெண்கள் என்பதால், இதைப் பெண்களின் திட்டம் என்றே சொல்லலாம். குடியிருப்பிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் வேலை, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, வங்கிக் கணக்கில் நேரடியாகச் சேரும் ஊதியம் ஆகியவை தனித்து வாழும் பெண்ணுக்கு வேறெங்கும் கிடைக்காத பாதுகாப்பைத் தந்தன.

இத்திட்டத்தின் கூலி, ஒரு மணி நேர ஓய்வு உட்பட 8 மணி நேரம் வேலை செய்பவருக்கு முழுக் கூலி கிடைக்கும் வகையில் வகுக்கப்பட்டது. தமிழகத்தில் 2025 ஏப்ரலில் அது நாளொன்றுக்கு 336 ரூபாயாக இருந்தது. ஆகவே மாத ஓய்வூதியமான 1,200 ரூபாய், நான்கு நாள் கூலிக்கும் குறைவானது. நூறு நாளும் முழுக் கூலியோடு வேலை கிடைத்தால் ஆண்டுக்கு 33,600 ரூபாய், அதாவது மாதத்துக்கு 2,800 ரூபாய் வரும். ஓய்வூதியத்தையும் சேர்த்தால் 4,000 ரூபாய். தாயும் இரண்டு பிள்ளைகளும் உள்ள குடும்பத்தில் இது ஆளுக்கு நாளொன்றுக்கு 45 ரூபாய்க்கும் குறைவாகும். அரசு உதவியின் சிறந்த நிலை இதுவெனில், மூன்றாவதாகவும் ஒரு வருமானம் அவளுக்குத் தேவைப்படுவது இயல்பே.

குழந்தையோடு வரும் தாய்மாரை எண்ணி, வேலைத்தளத்தில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவளுக்கும் முழுக் கூலி தர வேண்டும் என்று அச்சட்டத்தின் அட்டவணை கூறியது. விதி நல்லதெனினும், அதன் எண்ணிக்கை வரம்பில் குறை உள்ளது. தளத்தில் நான்கு குழந்தைகளே இருந்தால் பராமரிப்பாளர் இல்லை. பராமரிப்பாளர் இல்லாததால் தாய்மார் குழந்தைகளை அழைத்து வருவதில்லை. அழைத்து வராததால் ஐந்து என்ற எண்ணிக்கை ஒருபோதும் நிறைவதில்லை. பாட்டியோ அக்காவோ வீட்டில் இருக்கும் குடும்பம் இதைச் சமாளித்துவிடும். தனித்து வாழும் பெண்ணுக்கு அந்தத் துணை இல்லை.

2023 ஜனவரி முதல் வேலைத்தள வருகைப்பதிவு, கைப்பேசிச் செயலி வழியாகக் காலையிலும் பிற்பகலிலும் நிழற்படம் எடுத்துப் பதிவேற்றும் முறைக்கு மாறியது. போலிப் பதிவைத் தடுக்கும் நோக்கம் நியாயமானதே. ஆனால் தன் பங்கு மண்ணை முற்பகலிலேயே வெட்டி முடித்துவிட்டு, அங்கன்வாடியிலிருந்து பிள்ளையை அழைத்துவரச் செல்ல வேண்டிய பெண், பிற்பகல் நிழற்படத்துக்காகத் தளத்திலேயே காத்திருக்க வேண்டியிருக்கிறது. வேலையின் அளவுக்குக் கூலி என்று தொடங்கிய திட்டத்தில், இருந்த நேரத்துக்குக் கூலி என்ற நிபந்தனை மேலும் ஒரு கட்டாயமாக இவ்வாறு சேர்ந்துள்ளது.

குடும்பத்துக்கு நூறு நாள் என்ற கணக்கும் அவளைப் பாதிக்கக் கூடியது. கணவனை இழந்து பெற்றோர் வீட்டுக்குத் திரும்பிய பெண், அவ்வீட்டின் வேலை அட்டையில் பெயர் சேர்க்கப்பட்டால், தாயோடும் தம்பியோடும் அந்நாள்களைப் பங்கிட்டுக்கொள்கிறாள். தனித்து வாழும் பெண்களுக்குத் தனி அட்டை வழங்கலாம் என்று வழிகாட்டுதல்கள் கூறினாலும், கேட்டுப் பெறுபவருக்கே அது கிடைக்கிறது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய ஊரக வேலைச் சட்டம் நாள்களை 125 ஆக உயர்த்தியிருப்பினும், விதைப்பு, அறுவடைக் காலங்களில் 60 நாள்வரை வேலையை நிறுத்தி வைக்கவும், செலவில் பெரும்பாலான மாநிலங்கள் 40 விழுக்காட்டை ஏற்கவும் வகைசெய்கிறது. வயல்வேலை விடியற்காலையில் தொடங்கும்; கைக்குழந்தையுள்ள பெண்ணுக்கு அது எளிதான மாற்று வேலையன்று.

இவை அனைத்துக்கும் அப்பால், ஊரக வேலைத் திட்டம் ஊராட்சிகளுக்கு மட்டுமே உரியது. தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சுரண்டை, புளியங்குடி, சங்கரன்கோவில் ஆகியவை நகராட்சிகள். குற்றாலம், மேலகரம், இலஞ்சி, ஆலங்குளம் ஆகியவை பேரூராட்சிகள். வயல்சூழ் சிற்றூர்களைப் போலவே காட்சியளிக்கும் இவ்விடங்களில் வாழும் பெண்ணுக்குச் சட்ட உரிமையாக அமைந்த வேலை நாள் ஒன்றுகூட இல்லை.

சுளகில் அளக்கப்படும் நேரம்

நகராட்சி, பேரூராட்சிப் பெண்களையும் ஊராட்சிப் பெண்களையும் ஒருசேரத் தாங்கி நிற்பது பீடித் தொழிலாகும். முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையநல்லூர், தென்காசி என்று தொடரும் இப்பகுதியில், பீடிக்கடையிலிருந்து இலையும் தூளும் நூலும் வாங்கிவந்து, இலையை நனைத்து, அளவுக்கு வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, தலையை மடக்கி நூல் கட்டி, மறுநாள் கடையில் எண்ணிக் கொடுத்து வருவது பல தலைமுறைப் பெண்களின் அன்றாடமாக இருந்துவருகிறது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வரையறுக்கப்படுவதால், இங்கே கடிகாரத்துக்கு இடமில்லை; மடியில் சுளகும் அருகில் தொட்டிலுமாகப் பெண்கள் உழைக்க முடிவதே, பிள்ளையைத் தனியே வளர்ப்போர் இத்தொழிலை நாடுவதற்கு முதன்மைக் காரணமாகும்.

இத்தொழிலின் சட்டப் பாதுகாப்பு போராடிப் பெறப்பட்டது. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுவோரையும் தொழிலாளராக ஏற்றது. 1985இல் உச்ச நீதிமன்றம் வருங்கால வைப்புநிதி வீட்டுத் தொழிலாளருக்கும் உண்டு என்று உறுதிசெய்தது. 1976இல் தோன்றிய நல நிதி, மருத்துவமனைகளுக்கும் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கும் வீட்டு வசதிக்கும் வழிசெய்தது. சரக்கு, சேவை வரியின் வருகையோடு 2017இல் அந்நிதியின் ஊற்றாக இருந்த தீர்வை நீக்கப்பட்டது. 1966ஆம் ஆண்டுச் சட்டமும் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் இணைந்துவிட்டது.

இந்நலத்திட்டங்களுக்குள்ளும் உழைப்பு நிபந்தனை உண்டு. பிள்ளைக்குக் கல்வி உதவித்தொகை பெற, பெற்றோரில் ஒருவர் குறைந்தது ஆறு மாதம் இத்தொழிலில் பணியாற்றியிருக்க வேண்டும். கட்டுமானத் தொழிலாளர் வாரியத்தில் பதிவு செய்ய, முந்தைய 12 மாதங்களில் 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும். தொழிலாளரல்லாதோர் புகுந்துவிடாமல் தடுப்பதற்கு இத்தகைய வரையறை தேவையே. ஆனால் பேறுகாலத்திலும், குழந்தையின் நோய்க்காலத்திலும் கடைக்குச் செல்ல இயலாத பெண்ணின் பாஸ் புத்தகத்தில் பதிவு அறுபடும்போது, அவ்விடைவெளியைக் குழந்தை வளர்ப்புக் காலம் என்று கருதி மன்னிக்கும் ஏற்பாடு விதிகளில் இடம்பெற வேண்டும்.

வீட்டில் இருந்தபடியே வேலை என்பது குழந்தை பராமரிப்புக்கு முழுத் தீர்வும் அன்று. புகையிலைத் தூள் காற்றில் கலந்திருக்கும் அறையிலேயே குழந்தை உறங்கியும் தவழ்ந்தும் வளர்கிறது. எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும் என்பதால், சற்று வளர்ந்த மகள் பள்ளிவிட்டு வந்ததும் நூல் கட்டவும் தலைமடக்கவும் உட்காரும் நிலை உருவாகிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைகளுக்குத் தடைசெய்த பணிகளில் பீடித் தொழிலும் ஒன்று என்பதை நினைக்கும்போது, தாயின் உழைப்பு நேரம் போதாதபோது அதை ஈடுசெய்வது பிள்ளையின் நேரமே என்பது விளங்கும். 30 பெண்களுக்கு மேல் பணிபுரியும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டம் நெடுங்காலம் கூறிவந்தது. புதிய தொகுப்பு 50 தொழிலாளர் உள்ள நிறுவனத்தை வரம்பாக்குகிறது. ஒரே தெருவில் ஐம்பது வீடுகளில் ஐம்பது பெண்கள் ஒரே நிறுவனத்துக்குப் பீடி சுற்றினாலும், அவர்கள் ஒரே கூரையின்கீழ் இல்லாததால் அங்கே காப்பகம் எழுவதில்லை.

சாரல் பருவத்து வேலை

குற்றாலத்தின் வேலைக் காலம் வானத்தைப் பொறுத்தது. தென்மேற்குப் பருவமழை ஜூன் மாதத்தில் தொடங்கிச் செப்டம்பர் வரை பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றால அருவி, புலியருவி ஆகியவற்றில் நீர் பெருக்கும்போது, விடுதிகளில் அறை துப்புரவு, உணவகங்களில் பாத்திரம் கழுவுதல், காய்கறி நறுக்குதல், அருவிக்கரையில் பழ வணிகம் என்று பெண்களுக்கான வேலைகள் பெருகுகின்றன. பின்னர் கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஐயப்ப பக்தர்களின் வருகையால் சிறிது காலம் மீண்டும் சூடுபிடிக்கின்றன. பள்ளிகள் திறக்கும் ஜூன் மாதத்திலேயே இவ்வேலை தொடங்குவதும், கூட்டம் நிறையும் சனி, ஞாயிறுகளில் பள்ளியும் அங்கன்வாடியும் மூடியிருப்பதும், விடுதி வேலை அதிகாலையிலும் இரவிலும் நீள்வதும், தனித்துப் பிள்ளை வளர்க்கும் பெண்ணுக்கு இவ்வருமானத்தை எட்டாக்கனியாக்குகின்றன. பருவம் முழுவதும் உழைப்பவளுக்கும் நிலையான முதலாளியோ, பதிவேடோ, நாள் கணக்கைச் சான்றளிப்பவரோ இல்லாததால், 90 நாள், ஆறு மாதம் போன்ற நிபந்தனைகளை அவள் உண்மையில் நிறைவேற்றியிருந்தாலும் அதை மெய்ப்பிக்க இயலாது.

பிள்ளை இருக்கும் இடம்

தமிழகம் இக்கேள்விக்கு எதுவும் செய்யவில்லை என்று கூறுவது நியாயமாகாது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமின்றி, 2 வயது முதலான சிறு குழந்தைகளுக்கும் மையங்களில் உணவளித்து, உழைக்கும் தாயின் பகல்பொழுதை ஓரளவு விடுவித்தது. அம்மையங்களின் பணியிடங்களில் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமையும் வழங்கப்பட்டது. 2022இல் மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம், விடியலில் வேலைக்குப் புறப்படும் தாயின் சமையல் நேரத்தை மிச்சப்படுத்தியது. இவற்றின் பயன் தனிப் பெற்றோருக்கே மிகுதி.

எஞ்சி நிற்கும் இடைவெளிகள் இரண்டு. பிறந்தது முதல் இரண்டு வயதுவரையிலான குழந்தைக்குப் பகல்பொழுதில் தங்கும் இடமில்லை. இரண்டு வயதைக் கடந்த குழந்தைக்கும் அங்கன்வாடி மூடிய பிறகு தாயின் வேலை முடியும்வரை இடமில்லை. அங்கன்வாடியோடு காப்பகத்தை இணைக்கும் மத்திய அரசின் பால்னா திட்டம் இவ்விடைவெளிகளை நிரப்பும் நோக்கம் கொண்டதே. பீடித் தொழிலும் நூறு நாள் வேலையும் செறிந்த ஊர்களில் அது பரவலாக அமைந்தால்தான் அதன் பயன் தெரியும்.

எதற்குப் பணம் தரப்படுகிறது?

2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம், கொள்கை அளவில் ஒரு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. வீட்டில் பெண் செய்யும் ஊதியமற்ற உழைப்புக்கான மதிப்பாக மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுவதாகவும், ஆகவே அது உதவித்தொகையாகாது, உரிமைத் தொகையே என்றும் அரசு விளக்கியது. தொலைவில் அமெரிக்கா 1911இல் தொட்டு, பின்னர் கைவிட்ட கருத்து, குழந்தை வளர்ப்பே ஒரு பணி என்ற கருத்து, ஒரு நூற்றாண்டுக்குப் பின் தமிழகத்தில் இவ்வாறு மீண்டும் ஏற்கப்பட்டது என்று கருதலாம்.

ஆனால் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் பெறும் பெண் இத்தொகையைப் பெற முடியாது. கணவனின் வருமானத்தோடு வாழும் பெண்ணின் வீட்டு உழைப்புக்கு 1,000 ரூபாய் மதிப்பு உண்டு. கணவனின்றி அதே உழைப்பையும் கூலி வேலையையும் சேர்த்துச் செய்யும் கைம்பெண்ணுக்கு 1,200 ரூபாய் ஓய்வூதியம் உண்டு, வீட்டு உழைப்புக்கு எதுவும் இல்லை. இருவருக்கும் இடையிலான வேறுபாடு 200 ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது. குழந்தையின் பெயரில் வரும் உதவிகளும் வரம்புக்குட்பட்டவை: மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவு, கைம்பெண்கள், கைவிடப்பட்டோர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் வழங்க வகைசெய்தாலும், ஒதுக்கீட்டின் அளவுக்கே பயனாளிகள் சேர்க்கப்படுகின்றனர்; 2025 செப்டம்பரில் மாநில அரசு தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தின் 2,000 ரூபாய், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாத பிள்ளைகளுக்கும் உரியது. உழைத்துப் பிள்ளையைக் காப்பாற்றிவரும் தாய் இவ்விரு திட்டங்களுக்கும் இடையில் விடுபட்டுப்போகிறாள்.

செய்யத்தக்கவை

உதவி தந்தால் மனிதர் உழைக்க மாட்டார் என்ற அச்சமே மேலைநாடுகளின் வேலை நேர நிபந்தனைகளுக்குப் பின்னணியாக இருந்தது. தென்காசி வட்டாரத்தில் அவ்வச்சத்துக்கு இடமில்லை. ஓய்வூதியம் பெறும் பெண்ணும் வயலிலும் குளத்து வேலையிலும் சுளகின் முன்னும் உழைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஆகவே இங்கே தேவைப்படும் சீர்திருத்தம், உழைப்பை மேலும் கோருவதாக இல்லாமல், உழைக்கும் நேரத்தில் குழந்தைக்குப் பாதுகாப்பு அளிப்பதாகவும், குழந்தை மிகச் சிறியதாக இருக்கும் ஆண்டுகளில் தாயை உழைப்புக் கட்டாயத்திலிருந்து விடுவிப்பதாகவும் அமைய வேண்டும்.

முதலாவதாக, ஓய்வூதிய விதிகளில் பிள்ளையின் வயது இடம்பெற வேண்டும். 6 வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள கைவிடப்பட்ட பெண்ணுக்கு 30 வயது, ஐந்தாண்டு என்ற இரு நிபந்தனைகளும் நீக்கப்பட வேண்டும். அங்கன்வாடிப் பணியாளரின் பதிவேடே குழந்தையின் வயதுக்கும் தாயின் தனித்த வாழ்வுக்கும் போதிய சான்றாகும். அக்குழந்தைக்கு 6 வயது நிரம்பும்வரை ஓய்வூதியத்தோடு உரிமைத் தொகையையும் சேர்த்து வழங்குவது, அத்தொகையின் கொள்கைக்கு முழுமையாகப் பொருந்துவதாகும். இரண்டாவதாக, ஊரக வேலைத் திட்டத்துக்கான புதிய விதிகளை மாநிலம் வகுக்கும்போது, தனித்துப் பிள்ளை வளர்ப்போருக்குக் கேட்காமலேயே தனி வேலை அட்டையும், ஒரே ஒரு குழந்தை வந்தாலும் தளத்தில் பராமரிப்பாளரும், பணி அளவை முடித்தவருக்கு நேரத்தோடு வீடு திரும்பும் உரிமையும் உறுதி செய்யப்பட வேண்டும். மூன்றாவதாக, பீடி நிறுவனங்களிடம் தொழிலாளர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பங்களிப்புப் பெற்று, ஒவ்வொரு பீடிக்கடைக்கும் அருகிலுள்ள அங்கன்வாடியில் மாலைவரை இயங்கும் காப்பகம் அமைக்க வேண்டும். குற்றாலத்தில் சாரல் பருவத்து நான்கு மாதங்களுக்காவது, விடுமுறை நாள்களிலும் திறந்திருக்கும் காப்பகத்தை, அருவிக்கு வருவோரால் கிடைக்கும் வருவாயிலிருந்து பேரூராட்சி நடத்தலாம்.

2022இல் தமிழக அரசு அமைத்த கைம்பெண்கள் மற்றும் ஆதரவற்ற மகளிர் நலவாரியம், பல துறைகளில் சிதறிக் கிடக்கும் இவ்விதிகளை ஒருங்கிணைத்துப் பரிந்துரைப்பதற்கு உரிய இடமாகும். வருவாய்த் துறையின் ஓய்வூதியம், ஊரக வளர்ச்சித் துறையின் வேலை அட்டை, தொழிலாளர் துறையின் அடையாள அட்டை, சமூக நலத் துறையின் அங்கன்வாடி ஆகிய நான்கும் ஒரே பெண்ணின் ஒரே நாளைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. அந்த நான்கு துறைகளின் விண்ணப்பப் படிவங்களிலும், கடைசிப் பிள்ளைக்கு என்ன வயது, தாய் வேலைக்குச் செல்லும்போது அதைப் பார்த்துக்கொள்பவர் யார் என்ற இரு கேள்விகளைச் சேர்ப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. அவற்றுக்கு வரும் விடைகளே எந்த ஊரில் காப்பகம் வேண்டும், எந்தப் பெண்ணுக்கு உடனே ஓய்வூதியம் வேண்டும் என்பதை அரசுக்குத் தெரிவித்துவிடும். தென்காசி மாவட்டம் அப்பணியை முதலில் தொடங்குவதற்கு எந்தத் தடையும் இல்லை.